மனைவியின் நாற்காலி

போன வாரம் வெங்கடம்மாவை ஒரு கேள்வியோடு விட்டுவிட்டு வந்தோம். விழா அழைப்பிதழைக் கொண்டுவந்து நீட்டிய மகனிடம், "இதுல என் பேரு எங்கடா?" என்று கேட்டாள். ரூபேஷ் பதில் சொல்லாமல் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டான். 'அவன் என்ன பதில் சொன்னான் என்று தெரியாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை' என்று குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவனுக்கும்தான் வரவில்லை, அம்மா.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடிகர் சௌந்தரராஜன் தங்கவயல் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். முப்பது வருடங்களுக்கு முன்னால் சென்னைக்குப் போனார். மனைவி வெங்கடம்மாவும் மூன்று வயதுப் பிள்ளை ரூபேஷும் சுரங்கத் தொழிலாளர்களின் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பு வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். நடுவில் வேறு ஒருத்தி வந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்தது சினிமாதான்.

சினிமாவில் அவருக்கு ஒரு விருது கிடைத்தது. அப்புறம் டிவி தொடரில் அப்பாவாக வந்து இன்னொன்று வாங்கினார். இப்போது நாடகத்துக்கும் வாழ்நாள் விருது. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் சொந்த ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? இன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் அவருக்குப் பாராட்டு விழா.

விடிந்ததும் குழாயில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வந்துவிட்டது. வெங்கடம்மா டிரம்மில் பிடித்துக்கொண்டிருந்தாள். ரூபேஷ் லீவு போட்டிருந்தான். குடத்தைத் தூக்கி உள்ளே வைப்பதுபோல் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"உன் பேரு போட்டிருக்காங்களேமா. திரு. சௌந்தரராஜன், திருமதி சௌந்தரராஜன்னு."

"ரெண்டுமே அவரு பேருதான்."

"அப்ப நீ வரமாட்டியா?"

"யாரு சொன்னா? வர்றேன். கீழ பொம்பளைங்களோட ஒக்காந்து பாக்கறேன். மேல அவரு பக்கத்துல நாற்காலி போட்டு, பொஞ்சாதின்னு சால்வை போத்தினா, அத வாங்கிக்கினு கும்பிடு போட என்னால ஆவாது."

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுமா. ஒரு மணி நேரந்தான்."

"முப்பது வருஷம் அட்ஜஸ்ட் பண்ணியாச்சு. இன்னிக்கு எனக்கும் லீவு."

பாராட்டு விழாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விழா நாயகரின் பக்கத்தில் அவர் மனைவியையும் உட்கார வைப்பார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி மாலை. அவளுக்குத் தாம்பாளத்தில் ஒரு பட்டுப்புடவை. அவள் சிரிக்க வேண்டும், கும்பிட வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. மற்ற வீட்டுப் பெண்களுக்கு அது மரியாதை. வெங்கடம்மாவுக்கு ஏன் அது உறுத்துகிறது என்றால், அவளும் நடிகை.

சும்மா ஊர் நாடகத்தில் தலை காட்டியவள் அல்ல. முக்கியமாக எந்த நாடகத்துக்காக அவருக்கு இந்த வாழ்நாள் விருதோ, அந்தக் 'கடைசி கேஜ்' நாடகத்தில் பாதி அவளுடையது.

அது இரண்டே பேர் நடித்த நாடகம். மேடையை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாதி பூமிக்கு அடியில். பாறை சரிந்து ஒரு லெவலில் மாட்டிக்கொண்ட தொழிலாளி அங்கே இருந்து பேசிக்கொண்டே இருப்பான். மறு பாதி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் வாசல். அவன் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி வந்து நிற்பாள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும், யார் யாரோ இறங்குவார்கள் என்று பாவனை. அவன் மட்டும் வரமாட்டான்.

வசனம் முழுக்க அவனுக்கு. அவளுக்கு ஒன்றுமே கிடையாது. வெங்கடம்மாவாகத்தான் ஒன்று செய்தாள். தூக்கின் மூடியைத் திறந்து, உள்ளங்கையைச் சோற்றுக்கு மேலே காட்டி, சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். மூடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். கடைசியில் ஒருமுறை திறக்கப் போய், திறக்காமலே மூடியை முந்தானையால் துடைத்துவிட்டு நிற்பாள். அப்போது மைதானத்தில் அழாத ஆள் இல்லை என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அடுத்த வேளை தங்கள் வீட்டில் யார் தூக்கோடு போய் நிற்கப்போகிறார்களோ என்று பயந்தபடி வாழ்ந்த ஜனங்கள் அல்லவா?

"எப்படிக் கூப்பிட்டா மேல வருவே? அதச் சொல்லு," என்றான் ரூபேஷ்.

வெங்கடம்மா குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"கடைசி கேஜ்ல நடிச்ச வெங்கடம்மான்னு மைக்குல சொல்லச் சொல்லு. அவரு பக்கத்துல நாற்காலி வேணாம். ஓரமா ஒரு ஸ்டூலு போட்டாகூட வந்து ஒக்கார்றேன்."

கேட்டது அவ்வளவுதான்.

ரூபேஷுக்கும் ஒரு ஆசை இருந்தது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து இருக்கிற படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. அவன் கல்யாணத்தன்று அப்பா வெளியூர் படப்பிடிப்பில் இருந்தார். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்தார். இன்றைக்காவது ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தான். அதற்காக யார் காலிலும் விழத் தயாராக நோயலைத் தேடிப் போனான்.

நோயல்தான் விழாக் குழுவின் செயலாளர். அந்தக் காலத்தில் அதே நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். பந்தலுக்குக் கீழே நின்று, சீரியல் பல்பு கட்டும் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். ரூபேஷ் சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாலை, ரெண்டு சால்வை, ஒரு பட்டுப்புடவை எல்லாம் வாங்கியாச்சு தம்பி. இப்ப வந்து இன்னாப்பா இது?"

"மைக்குல ஒரு வார்த்த மாத்திச் சொல்லணும் அங்கிள். அவ்ளோதான்."

"ஒரு வார்த்தையா? உங்கம்மா நல்ல நடிகை. நான் இல்லன்னா சொல்றேன்? ஆனா நடிகைன்னு மேல ஏத்திட்டா, அப்பறம் ஆர்மோனியம் வாசிச்ச நான் ஏன் கீழ நின்னு மைக் புடிக்கணும்? லைட்டு போட்டவன் வருவான். கர்ட்டன் இழுத்தவன் பையன் வருவான். எங்கப்பனுக்கு இன்னா மரியாதைன்னு கேப்பான். பொஞ்சாதின்னா ஒரே ஆளு. யாரும் போட்டிக்கு வரமாட்டாங்க."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார். நோயல் கெட்டவர் அல்ல. ஒரு விழாவை நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அவருடைய தலைவலி புரியும். ஆனாலும் ரூபேஷுக்குக் கோபம் வந்தது. பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

கார் அனுப்புகிறோம் என்று சொன்னதற்கு வேண்டாம் என்றிருந்தார் சௌந்தரராஜன். பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் ரயிலில்தான் வருவேன் என்று பிடிவாதம். பழைய ஞாபகம் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான். ரயிலில் வந்தால் நாலு பேர் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதும் ஒரு காரணம். நடிகருக்கு அந்தச் சபலம்கூட இல்லாவிட்டால் எப்படி?

அவர் நினைத்தபடியே நடந்தது. மாரிகுப்பத்தில் இறங்கும்போது பெட்டியில் இருந்த பாதிப் பேர் அவரோடு செல்ஃபி எடுத்திருந்தார்கள். மகனைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மாறியது. தோளில் கை வைக்கலாமா, கூடாதா என்று யோசித்து, கடைசியில் பையை மட்டும் கொடுத்தார்.

ஆட்டோவில் ஏறியதும் முதல் கேள்வி, "உங்கம்மா வர்றாளா?"

"வருது நைனா. மேல ஏறாதாம்."

"ஏன்? இன்னா கோவம்?"

ரூபேஷ் எல்லாவற்றையும் சொன்னான். சௌந்தரராஜன் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலை பக்கத்தில் வந்து, பின்னால் போனது. அவர் அப்படி வெளியே பார்த்ததே ரூபேஷுக்கு மேலும் எரிச்சல் மூட்டியது.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? உங்களுக்கு சினிமாவுல அவார்டு வாங்கிக் குடுத்த அந்த சீன். கடலுக்குப் போன பையனுக்காகக் கரையில தூக்கோட நிப்பீங்க. மூடியத் தொறந்து சூடு பாப்பீங்க. அது யாரு யோசனை?"

"அது... நாடகக்காரங்க ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் எடுக்கறதுதாண்டா. அதெல்லாம் கணக்கு பாக்க முடியாது."

"நானும் அம்மாவும் ராபர்ட்சன்பேட்டையில அந்தப் படம் பாத்தோம். அந்த சீன் வந்தப்ப எங்கம்மா கைய நான் புடிச்சுக்கினு இருந்தேன். சில்லுனு ஆயிடுச்சு. வெளிய வந்து இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'நல்லா பண்ணாரு'ன்னு மட்டும் சொல்லிச்சு."

சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீரியல்ல ஒண்ணும் பேசாமலே நின்னு அவார்டு வாங்கினீங்களே, அந்த நிக்கறதும் அம்மாவோடதுதான். சரி, அது போவட்டும். கடைசி கேஜ் நாடகத்த மெட்ராசுக்கு எடுத்துக்கினு போனப்ப, அம்மாவ ஏன் கூப்பிடல? வேற யாரையோ நிக்க வெச்சீங்களே."

"நீ சின்னப் பையன். உன்ன யாரு பாத்துப்பாங்க? ரிகர்சலு, டூருன்னு சுத்தணும். உங்கம்மாவால எப்படி முடியும்?"

"அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ஆட்டோ நின்றுவிட்டது. இறங்கும்போது சௌந்தரராஜன் கொஞ்சம் தடுமாறினார். ரூபேஷ் கையைப் பிடித்துக்கொண்டான். கோபம் வேறு, அப்பா வேறு.

மைதானம் சாயங்காலமே நிரம்பிவிட்டது. சுரங்கம் மூடினாலும் ஊர் மூடவில்லை என்று காட்டுவதுபோல் ஜனங்கள் வந்திருந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டார்கள். மேடையில் நடுவில் இரண்டு பெரிய நாற்காலிகள், சிவப்பு வெல்வெட் போட்டது. ஒன்றில் சௌந்தரராஜன் உட்கார்ந்தார். இன்னொன்று காலியாக இருந்தது.

வெங்கடம்மா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். கத்தரிப்பூ நிறச் சேலை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம். பக்கத்தில் பார்வதம்மா. இருவரும் ஒரே நர்சிங் ஹோமில் ஆயாவாக வேலை பார்த்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள்.

வாழ்த்துரைகள் முடிந்தன. நோயல் மைக்கைப் பிடித்தார். அவர் கண் ஒருமுறை ரூபேஷைத் தேடிவிட்டு, கையில் இருந்த தாளுக்குப் போனது.

"இப்போது, விழா நாயகரின் வெற்றிக்குத் துணை நின்ற திருமதி சௌந்தரராஜன் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

கைதட்டினார்கள். வெங்கடம்மா அசையவில்லை.

"போக்கா, கூப்பிடறாங்க," என்று பார்வதம்மா முழங்கையால் இடித்தாள்.

"என்னக் கூப்பிடல."

நோயல் இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தார். கைதட்டல் தேய்ந்து நின்றது. முன் வரிசையில் தலைகள் திரும்பின. எப்படியாவது சமாளிக்க வேண்டுமே என்று நோயல், "உடல்நலம் சரியில்லாத காரணத்தால் அவர்களால் மேடைக்கு..." என்று ஆரம்பித்தார்.

வெங்கடம்மா எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒடம்பு நல்லாதான் இருக்குது, நோயல் அண்ணே."

மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பழகின தொண்டை. சிலர் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த பெரியவர்கள் சிரிக்கவில்லை. அவள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

சௌந்தரராஜன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து மைக்கை வாங்கினார். எத்தனையோ மேடை பார்த்தவர். இந்த மாதிரி நேரத்தில் கூட்டத்தை எப்படித் தன் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அன்று உண்மையைத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

"சினிமாவுல எனக்கு அவார்டு வாங்கிக் குடுத்தது ஒரு தூக்கு. நீங்க எல்லாம் பாத்திருப்பீங்க. அந்த மூடியத் தொறந்து சூடு பாக்கறது என் யோசனை இல்லிங்க. எங்க வீட்டம்மாவோடது. கடைசி கேஜ் பாத்த பெரியவங்களுக்குத் தெரியும். நான் இந்த ஊரு முன்னால ஒத்துக்கறேன். எனக்கு வந்த விருதுல பாதி அவங்களுக்குச் சேரணும்."

அவ்வளவுதான். பந்தலே அதிர்ந்தது. விசில் பறந்தது. ஒரு ஆள் ஓடிவந்து மேடையேறி அவருக்கு இன்னொரு சால்வை போட்டான். "இன்னா பெரிய மனசு பாரு," என்று வெங்கடம்மாவுக்குப் பின்னால் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள். "எந்த நடிகன் இப்படி ஒத்துப்பான்?"

ரூபேஷும் கைதட்டினான். அப்பாவைப் பார்த்து அவனுக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் அம்மாவைப் பார்த்தான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவளோ ஏமாந்துபோன முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவனுக்குக் கைதட்டல் கையிலேயே நின்றுவிட்டது.

சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

"நல்லா பேசினீங்க," என்றாள் நேராக அவரைப் பார்த்து. "இதச் சொல்ல உங்களுக்கு மனசு வந்துச்சே, எனக்கு சந்தோஷந்தான். ஆனா என்னப் பத்திச் சொன்னதுக்கும் கைதட்டு உங்களுக்குத்தான் வந்துச்சு. சால்வையும் உங்களுக்குத்தான் போட்டாங்க. உங்க மேல தப்பு சொல்லல. நீங்க மேல நிக்கறீங்க. நான் கீழ இருக்கேன்."

"அதான் மேல வான்னு கூப்பிடறாங்க இல்ல," என்றார் சௌந்தரராஜன். குரலில் கெஞ்சல் இருந்தது.

"பொஞ்சாதியா வரமாட்டேன். வாழ்க்கைல அந்த வேஷத்த நீங்கதான் எனக்குச் சரியாக் குடுக்கல. அத இங்க வந்து எதுக்கு நடிக்கணும்?"

நோயல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அதில் இனி எதுவும் உதவாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"விருதுல பாதியும் வேணாம்," என்று தொடர்ந்தாள். "என்னப் பத்திப் பேசவும் வேணாம். அந்த நாடகத்த இன்னொரு தரம் போடுங்க. இதே மைதானத்துல. நீங்க உங்க பாதியில இருங்க, நான் என் பாதியில நிக்கறேன். உங்களுக்கு அவார்டு குடுக்கறாங்களே, அவங்களையும் வரச் சொல்லுங்க. அவங்களே பாத்துட்டுச் சொல்லட்டும்."

"இத்தினி வருஷம் ஆச்சு," என்றார் அவர். "உனக்கு ஞாபகம் இருக்குமா எல்லாம்?"

"எனக்கு வசனமா குடுத்தீங்க, மறந்துபோறதுக்கு?"

பெண்கள் பக்கம் சிரிப்பில் குலுங்கியது. பார்வதம்மா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். சௌந்தரராஜனும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "போடுங்க சார், நாடகம் போடுங்க," என்று பின்னால் இருந்து இளைஞர்கள் குரல் கொடுத்தார்கள். "டேட்டு சொல்லுங்க" என்று ஒருவன் கத்தினான். ஊரே பதிலுக்குக் காத்திருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரி என்றால் இன்னும் பெரிய கைதட்டல் விழும். ஆனால் அவர் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த இரண்டு சால்வைகளையும் எடுத்து நாற்காலியில் வைத்தார். மைக்கை நோயலிடம் கொடுத்துவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தார். மூன்றாவது வரிசை அங்கிருந்து கிட்டத்தான்.

"மெட்ராசுக்கு நாடகம் போனப்ப உன்ன ஏன் கூப்பிடலன்னு பையன் மத்தியானம் கேட்டான்," என்றார். முன்னால் இருந்தவர்களுக்கு மட்டுமே அது கேட்டது. "சின்னப் பையன் அது இதுன்னு சொன்னேன். அது பொய்யி."

வெங்கடம்மா முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பயம், வெங்கடம்மா. அப்பவும் பயம், இப்பவும் பயம். பக்கத்துல நீ நின்னா என்ன யாரு பாப்பாங்க?"

இத்தனை வருடங்களில் அவளுடைய நடிப்பைப் பற்றி அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. வெங்கடம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனையோ இராத்திரிகளில், தனக்குத்தான் ஒன்றும் வரவில்லையோ, அதனால்தான் விட்டுவிட்டுப் போனாரோ என்று படுத்துக்கொண்டு யோசித்தவள் அவள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ரூபேஷ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மேடையில் அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

"அது உங்க பேஜாரு," என்றாள் வெங்கடம்மா. "ஒத்திகை எப்பன்னு சொல்லுங்க."